நன்றாகப் படிக்கிற பிள்ளை விண்ணப்பமே போடாதது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மேல்வகுப்பு ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நான்கைந்து பேர் மிகச் சிறப்பாகப் படிக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு முயற்சி பண்ணுங்கள் என்று நானும் சொல்கிறேன், தலைமையாசிரியரும் சொல்கிறார். தலையாட்டுகிறார்கள். கடைசியில் ஒருவர்கூட விண்ணப்பிப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? ஒருவேளை நான் வீண் ஆசை காட்டுகிறேனோ?"

மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் பிள்ளைகளுக்கு ஊக்கம் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. தலையாட்டிய பிள்ளை மனதாரத்தான் தலையாட்டியிருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்தும் பார்த்திருக்கும். ஆண்டுக் கட்டணம் கண்ணில் பட்டிருக்கும். மூடி வைத்துவிட்டு, அப்பாவிடம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கும். அடுத்த வாரம் நீங்கள் மறுபடி உற்சாகமாகப் பேசும்போது உங்கள் மனம் நோகக்கூடாது என்று இன்னொரு முறை தலையாட்டியிருக்கும்.

இது உங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதல்ல. கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதையே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கல்லூரி நுழைவுக்கான தேர்வில் நாட்டிலேயே மேல் 10 சதவீதத்துக்குள் வருகிற, ஆனால் வருமானம் குறைந்த வீடுகளைச் சேர்ந்த மாணவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் போட்டி அதிகமுள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பித்த சிலர் என்ன ஆனார்கள் தெரியுமா? அதே மதிப்பெண் வாங்கிய வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் போலவே இடம் வாங்கினார்கள், அவர்களைப் போலவே படிப்பையும் முடித்தார்கள். அதாவது தகுதியில் குறை இல்லை, தேர்வு செய்கிறவர்கள் ஒதுக்கியதும் இல்லை. படிவம் போகவே இல்லை.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விண்ணப்பிக்காத பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் பள்ளியில் தனி ஆள்கள். அவர்கள் அளவுக்குப் படிக்கும் இன்னொருவர் அந்த வகுப்பில் இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்குப் போன முன்னவர் யாரும் பள்ளியில் இல்லை, அங்கே படித்த ஆசிரியரும் இல்லை. வழி தெரிந்த ஒரு முகம்கூட இல்லாத ஊருக்குத் தனியாகப் போ என்று 17 வயதுப் பிள்ளையிடம் சொல்கிறோம். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

சரி, பணத்திலிருந்து ஆரம்பிப்போம். இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணமும் ஒரு குடும்பம் கடைசியில் கட்டுகிற தொகையும் பல இடங்களில் ஒன்றல்ல. ஹார்வர்டு 2025–26 கல்வியாண்டிலிருந்து ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குள் உள்ள குடும்பங்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் தங்குமிடமும் சாப்பாடும்கூடப் பல்கலைக்கழகத்தின் செலவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி., யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கும் பணம் இருக்கிறதா என்று பார்க்காமலே இடம் தருகின்றன. இடம் கொடுத்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகையை உதவித்தொகையாக ஈடுகட்டுகிறார்கள். இந்தியாவின் ஐ.ஐ.டி.களில் மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதுமாகத் தள்ளுபடி. ஆக, பக்கத்துக் கல்லூரியைவிடப் பெரிய பல்கலைக்கழகம் மலிவாக முடிகிற சந்தர்ப்பங்கள் நிஜமாகவே இருக்கின்றன. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. அதனால் "எப்படியும் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன விதி, நம் வீட்டு வருமானத்துக்கு எவ்வளவு வரும் என்று மூன்றையும் பெற்றோர் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் தளங்களில் வருமானத்தைப் போட்டால் தோராயமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் பக்கம் ஒன்று இருக்கும். அதைப் பெற்றோரோடு சேர்ந்து உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள்.

உறுதியாகச் சொல்வதற்கும் "கிடைக்கலாம்" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் தொடங்கிய சோதனை ஒன்று நல்ல உதாரணம். அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கிற, வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் ஒரு பெரிய உறையை அனுப்பினார்கள். "உங்களுக்கு இடம் கிடைத்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, அதற்காக எந்த நிதியுதவிப் படிவமும் நிரப்ப வேண்டாம்" என்பதுதான் அதில் இருந்த செய்தி. பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும் தனித்தனிக் கடிதம் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த உறை வராமலே அதே அளவு உதவி கிடைத்திருக்கும். புதிதாகப் பெரிய தொகை எதையும் பல்கலைக்கழகம் தரவில்லை. முன்பே இருந்ததை முன்கூட்டியே, நிச்சயமாக, பெயர் போட்டுச் சொன்னது. உறை வராதவர்களில் 100க்கு 26 பேர் விண்ணப்பித்தார்கள். வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விண்ணப்பித்தார்கள். அங்கே சேர்ந்தவர்களின் விகிதமும் இரண்டு மடங்குக்கு மேல் போனது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் தகவலைத் துண்டுப் பிரசுரமாக அடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம்" என்று கிளம்ப வேண்டாம். அதையும் செய்து பார்த்தாயிற்று. ஒரு மாணவருக்கு 6 டாலர் செலவில் தகவல் பொட்டலம் அனுப்பிய ஒரு சோதனை முதலில் நல்ல பலன் தந்தது. அதே மாதிரியான முயற்சியைப் பிற்பாடு நாடு தழுவிய அளவில் பல மடங்கு பெரிதாகச் செய்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குடும்பங்களில் ஒரு குழுவுக்கு, அந்த இடத்திலேயே கல்லூரி நிதியுதவிப் படிவத்தையும் சில நிமிடங்களில் நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். நிரப்பிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 28இலிருந்து 36 சதவீதமாக ஏறியது. தகவல் மட்டும் வாங்கிப் போனவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பேசுவதைக் கொஞ்சம் குறையுங்கள், உட்கார்ந்து நிரப்ப வையுங்கள்.

வாரம் ஒரு மாலை, பள்ளி முடிந்ததும், கணினி அறையைத் திறந்து வையுங்கள். முதல் நாள் மின்னஞ்சல் முகவரி திறப்பது மட்டும்தான் வேலை. சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு அது இருக்காது. இருந்தாலும் கடவுச்சொல் மறந்திருக்கும், அல்லது ஓடிபி வருகிற எண் அண்ணனிடம் இருக்கும். அடுத்த வாரம் பல்கலைக்கழகத் தளத்தில் கணக்குத் தொடங்குவது. அதற்கடுத்த வாரம் பெயரும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருக்கிற ஒரே காரணத்தால் கடைசி நேரத்தில் தவித்த பிள்ளைகளை நான் வருடாவருடம் பார்த்திருக்கிறேன். வருமானச் சான்று மாதிரி அலுவலகங்களிலிருந்து வர வேண்டிய தாள்களை இரண்டு மாதம் முன்பே கேட்டு வைத்துவிட வேண்டும். இதிலெல்லாம் எழுச்சியூட்டும் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் நான்காவது வாரம் அந்தப் பிள்ளை "சார், அடுத்த பக்கத்துக்குப் போகலாமா?" என்று கேட்கும். அன்றைக்குத் தெரியும், அதற்கு ஆசை முன்பே இருந்தது என்று.

எவ்வளவு சின்னத் தடை எவ்வளவு பெரிய ஆளைத் தடுக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஏ.சி.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுதுகிறவர்கள் தங்கள் மதிப்பெண்ணை மூன்று கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம் என்று இருந்தது. 1997இல் அதை நான்காக்கினார்கள். கூடுதலாக ஒன்று அனுப்ப ஆகும் செலவு வெறும் 6 டாலர்தான். அந்த ஒரு மாற்றத்தால் நிறையப் பேர் நான்காவது கல்லூரிக்கும் அனுப்பினார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளில் முன்பைவிட நல்ல கல்லூரியில் சேர்ந்தவர்கள் கூடினார்கள். படிவத்தில் காலிக் கட்டம் மூன்று இருந்தால் மூன்றுதான் போட வேண்டும்போலிருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது, நான்கு இருந்தால் நான்கு. உங்கள் பள்ளியில் "எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கிறாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக ஆறு வரி போட்ட தாளைக் கொடுத்து "இதை நிரப்பிக் கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள்.

காலக்கெடு விஷயத்தில் பள்ளிகள் மொத்தமாகக் கோட்டை விடுகின்றன. "முதலில் தேர்வை எழுதி முடி, மார்க் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் வழக்கமான அறிவுரை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் சேர வேண்டிய வருடத்துக்கு முந்தைய அக்டோபர் 15ஆம் தேதியோடு கதவு மூடிவிடும். அதோடு, ஒரே வருடத்தில் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நவம்பர் முதல் தேதி ஒரு சுற்று, ஜனவரித் தொடக்கத்தில் இன்னொரு சுற்று. இறுதித் தேர்வு முடிவு வந்த பிறகு யோசிக்கிற பிள்ளை பல இடங்களில் ஒரு வருடம் பின்தங்கிவிட்டது. கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பிலேயே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பாடப்பிரிவு எடுக்க வேண்டும், எந்த நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பதெல்லாம் இன்னும் நம் கையில் இருக்கும்.

அடுத்தது, யார் சொல்கிறார்கள் என்பது. நீங்களும் தலைமையாசிரியரும் சொன்னால் அது அறிவுரை. இதே பள்ளியில் மூன்று வருடம் முன்பு இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னால் அது செய்தி. இங்கிலாந்தில் அரசு ஒரு சோதனை செய்தது. நல்ல மதிப்பெண் எடுத்திருந்தும் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அதிகம் பேரை அனுப்பாத பள்ளிகளில் படித்த மாணவர்களுக்கு, அவர்களைப் போன்ற பின்னணியிலிருந்து போய்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் எழுதுவது போல இரண்டு கடிதங்கள் அனுப்பினார்கள். ஒன்று பள்ளி வழியாக, மற்றொன்று வீட்டுக்கு. கடிதம் வராதவர்களில் 8.5 சதவீதம் பேர் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடத்தை ஏற்றார்கள், இரண்டும் கிடைத்தவர்களில் 11.4 சதவீதம் பேர். பெரிய பாய்ச்சல் இல்லைதான். இரண்டு தாளுக்கு இது மோசமும் இல்லை. உங்கள் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவரும் போகவில்லை என்றால் பக்கத்துப் பள்ளியில் தேடுங்கள், அதற்கடுத்த பள்ளியில் தேடுங்கள். ஒரு வீடியோ அழைப்பு போதும். வந்தவர் தன் பெருமையைப் பேசாமல், முதல் மாதம் ஆங்கில வகுப்பு புரியாமல் தான் அழுததையும், யாரிடம் போய்க் கேட்டு சமாளித்தார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்க நினைப்பது அதைத்தான். முடிந்தால் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பப் பாருங்கள். "என் கூட்டாளிகள் கூட இருந்திருந்தால் நான் படிப்பை விட்டிருக்க மாட்டேன்" என்ற பொருளில் ஒரு மாணவர் சொன்னதை வைத்தே 1989இல் அமெரிக்காவில் போஸி அறக்கட்டளை தொடங்கியது. பத்துப் பத்துப் பேராகத் தேர்ந்தெடுத்து ஒரே கல்லூரிக்கு ஒன்றாக அனுப்புகிறார்கள்.

பெற்றோர் விஷயம் பள்ளிக்குப் பள்ளி, வீட்டுக்கு வீடு மாறும். அதில் எனக்குத் தெரிந்த சூத்திரம் ஒன்றும் கிடையாது. ஒன்று மட்டும்: தூரமாக அனுப்ப மாட்டோம் என்று சொல்கிறவர்கள் எப்போதும் படிப்பை எதிர்க்கிறவர்கள் அல்லர். விடுதி எப்படி இருக்கும், உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள், வருடத்தில் எத்தனை முறை வீட்டுக்கு வரலாம் என்பவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். உலகத் தரவரிசைப் பட்டியலைக் காட்டினால் வேலைக்கு ஆகாது.

பரிந்துரைக் கடிதம் உங்கள் சொந்தப் பொறுப்பு என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். "கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர், வகுப்பில் முதலிடம்" என்று பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அனுப்புகிற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. தேர்வுக் குழுவில் இருப்பவர் அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை, உங்கள் கண் வழியாகத்தான் பார்க்கிறார். நிகழ்தகவுப் பாடம் நடத்தியபோது நீங்கள் போட்ட கணக்கில் தவறு இருக்கிறது என்று எழுந்து சொன்ன பிள்ளையா? தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டே படித்து மதிப்பெண் வாங்கியவரா? அதை எழுதுங்கள். இங்கிலாந்து மாதிரி இடங்களில் மாணவர் இறுதித் தேர்வில் எவ்வளவு எடுப்பார் என்ற ஆசிரியரின் கணிப்பும் விண்ணப்பத்தோடு போகும். அடக்கம் கருதிக் குறைத்துப் போட்டால் நம் பிள்ளையின் வழியை நாமே அடைத்ததாகிவிடும். விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்பும் கட்டுரைக்கும் இதே கதைதான். பெரிய வார்த்தைகளைப் பிடுங்கிவிட்டு, பிள்ளை உங்களிடம் சாதாரணமாகச் சொன்ன கதையை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

வீண் ஆசை காட்டுவதாகாதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயம் எனக்கும் உண்டு, காரணத்தோடுதான். ஆரம்ப காலத்தில் மிகவும் கெட்டிக்காரப் பையன் ஒருவனை ஒரே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க வைத்தேன். கிடைத்தே தீரும் என்று அவனிடமும் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன். கிடைக்கவில்லை. மற்ற இடங்களின் தேதியெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டன. ஒரு வருடம் சும்மா இருந்து, பிறகு வேறு இடத்தில் சேர்ந்தான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை, அவன் அம்மா சொன்னார். அவர் சொன்னது சரி.

ஹார்வர்டு போன்ற இடத்தில் 100 பேர் விண்ணப்பித்தால் 5 பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலைப் படிப்புக்குச் சுமார் 3,300 இடம், விண்ணப்பங்கள் 23,000க்கு மேல். அதனால் மறுக்கப்படுவது சாதாரணம், இடம் கிடைப்பதுதான் அபூர்வம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்த ஆறு வரித் தாளில் இரண்டு வரி எட்டாத உயரம், இரண்டு வரி எட்டக்கூடிய உயரம், மீதி இரண்டு நிச்சயமாகக் கிடைக்கும், கிடைத்தால் சந்தோஷமாகப் போவேன் என்கிற இடங்கள். கடைசி இரண்டை ஒப்புக்குப் போடக் கூடாது. உங்கள் பக்கத்துக் கல்லூரி அங்கே தாராளமாக இருக்கட்டும்.

மறுக்கப்பட்டாலும் விண்ணப்பித்தது வீணா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரியான பதில்களைப் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவர்களும் அதைவிடச் சாதாரணமான கல்லூரியில் படித்தவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். எங்கே படித்தார் என்பதைவிட எங்கே விண்ணப்பிக்கத் துணிந்தார் என்பது அதிகம் சொன்னது. விரும்பிய திரைப்படப் பள்ளியில் இடம் கிடைக்காமல் வேறு இடத்தில் படித்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் பெயரை அந்த ஆய்வில் ஒரு கணக்கு மாதிரிக்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் ஒரு விலக்கு உண்டு, உங்களுக்கு முக்கியமானது அதுதான். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய இடத்தில் படித்தது உண்மையாகவே பலன் தந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அறிமுகங்களும் தொடர்புகளும் வீட்டிலேயே இருக்கின்றன. உங்கள் பிள்ளைக்கு அவை கிடைக்கிற முதல் இடம் அந்த வளாகமாக இருக்கும். ஆகவே தாராளமாக ஆசை காட்டுங்கள், கீழே வலையையும் கட்டி வையுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்த பிறகும் உங்கள் வேலை முடியாது. இடத்தை ஏற்றுக்கொண்டும் முதல் நாள் வந்து சேராத மாணவர்கள் அமெரிக்காவிலேயே நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பள்ளியும் முடிந்துவிட்டது, கல்லூரியும் தொடங்கவில்லை, கேட்பதற்கு ஆள் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் வருகிற படிவங்களில்தான் நழுவுகிறார்கள். இந்தியாவில் 2024இல் நடந்தது இது. கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு ஐ.ஐ.டி. தன்பாதில் மின்பொறியியல் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும், ஜூன் 24 மாலை 5 மணி கடைசி நேரம். குடும்பம் பணத்தைத் திரட்டி முடிப்பதற்கும் நேரம் முடிவதற்கும் சரியாக இருந்தது. கட்ட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 30ஆம் தேதி தீர்ப்பு வந்த பிறகே அந்த இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

எல்லாப் பிள்ளைக்கும் உச்ச நீதிமன்றம் வாய்க்காது. உங்கள் நான்கைந்து பேருக்கும் இடம் உறுதிசெய்யும் தேதி, கட்ட வேண்டிய தொகை, கட்டும் வழி மூன்றையும் எழுதி உங்கள் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுங்கள். பணம் குறைகிறது என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், மூன்று நாளில் ஏதாவது செய்யலாம்.